பக்கத்து வீட்டில் பூதம்!

ஒரு ஜோடி கையுறை. அதன் மேல் ஒட்டிய கொஞ்சம் இலை, தழை, தோல் துண்டு. இவ்வளவுதான் பூதம்!

1953-ம் ஆண்டில் இங்கிலாந்து மக்களை நடுங்க வைத்த பூதம் இதுதான் என்றால் நம்ப முடிகிறதா?

அந்த ஆண்டு ஜூலை 18-ந் தேதி, பி.பி.சி. டெலிவிஷனில் ஒரு தொடர் நாடகம் ஆரம்பமாயிற்று. "குவாட்டர்மாஸ் பரிசோதனை" என்பது அதன் பெயர். மொத்தம் 6 பகுதி. சனிக்கிழமை தோறும் ஒன்று. எழுதியவர் நைஜல் நீல்.

3 பேர் ராக்கெட்டில் விண்வெளிக்குப் போகிறார்கள். ராக்கெட் திரும்பி வந்து விழுகிறது. உள்ளே ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறார்! மற்ற இருவர் எங்கே? நடு வழியில் இறங்கிப் போக அது என்ன பஸ்ஸா? திரும்பி வந்த மனிதனும் நாளாக ஆக மனிதனாக இல்லை. உடம்பு செடி போலவும் மிருகம் போலவும் மாறுகிறது. கடைசியில் அந்தப் பூதம் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்துக்குள் புகுந்து கொள்கிறது.

அந்தத் தேவாலயம் எது தெரியுமா? அதே ஆண்டு ஜூன் 2-ந் தேதி எலிசபெத் ராணிக்கு முடிசூட்டு விழா நடந்த இடம்! அந்த விழாவைப் பார்ப்பதற்கென்றே பல குடும்பத்தார் டெலிவிஷன் பெட்டி வாங்கினார்கள். மூன்று மாதம் கூட ஆகவில்லை. அதே பெட்டியில், அதே தேவாலயத்தில், ராணி இருந்த இடத்தில் பூதம்! இதைவிடப் பயம் வேறு என்ன வேண்டும்?

பூதம் செய்யப் பணம் இல்லை. ஆகவே நீலும், பின்னால் அவருக்கு மனைவியான ஜூடித் கெர்ரும் கையுறையில் தழையை ஒட்டினார்கள். தேவாலயத்தின் பெரிய போட்டோவில் ஓட்டை போட்டார்கள். அதன் வழியாக நீல் தம் கைகளை நீட்டி ஆட்டினார். நாடகம் நேரடியாகவே ஒளிபரப்பாகிக் கொண்டிருந்தது. கை தவறினால் அதோடு போயிற்று!

முதல் 2 பகுதிகளைத்தான் படம் பிடித்து வைத்தார்கள். மற்ற 4 பகுதிகளையும் இனி யாரும் பார்க்க முடியாது.

பயம் தெரிந்தவர்கள்

அந்த ஜூடித் கெர் யார்? 9 வயதில், ஹிட்லருக்குப் பயந்து, தாயுடன் ஜெர்மனியை விட்டு ஓடி வந்தவர். டைரக்டர் ருடால்ப் கார்டியரும் அப்படித்தான். வியன்னாவில் பிறந்து, ஹிட்லர் ஆட்சியினால் ஜெர்மனியை விட்டு வந்தவர். பெட்டி முன்னால் உட்கார்ந்து பார்த்தவர்களில் பலர் 1940-ல் குண்டு வீச்சுக்கு அஞ்சி, நிலத்தடி ரயில் நிலையத்தில் படுத்துத் தூங்கியவர்கள்.

வானத்திலிருந்து எதிரி வருவான் என்பது இவர்களுக்குக் கற்பனை அல்ல. பார்த்த விஷயம். 1964-ல் "டாக்டர் ஹூ" தொடரில் டாலெக் என்னும் இரும்புப் பூதங்கள் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தின் மேல் உலாவின. அதைக் கண்டு பிள்ளைகள் பயந்தார்கள் என்றால், பெரியவர்கள் வேறு எதையோ நினைத்துக் கொண்டிருப்பார்கள்.

(நம் ஊரில் 1963-ல் "கலை அரசி" என்ற படம் வந்தது. அதில் வேற்று உலகத்தார் சங்கீதத்துக்காக பானுமதியைத் தூக்கிக் கொண்டு போனார்கள். பாட்டுக்காக வருகிற பூதமானால் எப்படியாவது சமாளித்து விடலாம்!)

சுண்டு விரல்

அமெரிக்காவின் பயம் வேறு மாதிரி. அங்கே லண்டன் மாதிரி குண்டு விழவில்லை. ஆனால் 1950 முதல் 1954 வரை, மெக்கார்த்தி என்ற செனட்டர் எங்கும் கம்யூனிஸ்டுகள் ஒளிந்திருக்கிறார்கள் என்று முழங்கினார். அந்தக் காலத்தில் சந்தேகத்தின் பேரிலேயே பலர் வேலை இழந்தார்கள். எதிரி வானத்தில் இல்லை, அடுத்த வீட்டில் இருக்கிறான் என்ற பேச்சு பரவியது.

1967 ஜனவரியில் தொடங்கிய "இன்வேடர்ஸ்" என்ற தொடர் அந்தப் பேச்சையே கதை ஆக்கியது. டேவிட் வின்சென்ட் ஒரு கட்டடக் கலைஞர். இரவில் வழி தவறிப் போகிறார். வேற்று உலகக் கப்பல் இறங்குவதைப் பார்க்கிறார். வந்தவர்கள் மனிதர் போலவே இருக்கிறார்கள். செத்தால் செந்நிறமாக ஒளிவிட்டு மறைந்து விடுகிறார்கள். சாம்பல்தான் மிச்சம். சாட்சிக்கு உடல் ஏது? யாரும் அவரை நம்பவில்லை. ராய் தின்னஸ் நன்றாக நடித்திருக்கிறார். மொத்தம் 43 கதைகள். வாரா வாரம் அதே ஓட்டம்தான். ஆனாலும் விடாமல் பார்க்கத் தோன்றும்.

எனக்கு ஒன்று மட்டும் பிடிக்கவில்லை. வேற்று உலகத்தாரைக் கண்டு பிடிக்க ஓர் அடையாளம் வைத்தார்கள். அவர்களில் பலருக்குச் சுண்டு விரல் மடங்காதாம்! அந்த ஊரில் விபத்திலே விரல் மரத்துப் போன தச்சர் ஒருவர் இருந்தால் அவர் கதி என்ன? பிறவியிலேயே விரல் மடங்காத குழந்தை இருந்தால்? கதை எழுதியவர் இதை யோசித்தாரா என்று எனக்குச் சந்தேகம்.

மேப்பிள் தெரு

யோசித்த ஒருவர் உண்டு. அவர் ராட் செர்லிங். 1960 மார்ச் 4-ந் தேதி, "ட்விலைட் சோன்" தொடரில் அவர் எழுதிய மேப்பிள் தெருக் கதை வந்தது. இந்த ரகத்தில் எல்லாவற்றிலும் மேலானது அதுதான் என்பது என் கட்சி.

ஒரு சாதாரணத் தெரு. திடீரென்று விளக்கு அணைகிறது. போன் பேசவில்லை. கார் ஓடவில்லை. "வேற்று உலகத்தார் முதலில் மனிதர் மாதிரி ஒரு குடும்பத்தை அனுப்பி வைப்பார்கள்" என்று, தான் படித்த கதையை ஒரு சிறுவன் சொல்கிறான். அவ்வளவுதான்! ஒருவர் கார் தானாகக் கிளம்புகிறது. உடனே அவர் மேல் சந்தேகம். அவர் இரவில் தூக்கம் வராமல் வானத்தைப் பார்ப்பாராம், அதுவும் குற்றம். இன்னொருவர் வீட்டில் ரேடியோ செய்கிறார், அதுவும் குற்றம். இருட்டில் ஓர் உருவம் வருகிறது. துப்பாக்கி வெடிக்கிறது. பிறகு தெருவே ஒருவரை ஒருவர் அடித்துக் கொள்கிறது. வேற்று உலகத்தார் இருவர் குன்றின் மேல் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். விளக்கை அணைத்து அணைத்துப் போட்டதைத் தவிர, அவர்கள் செய்தது ஒன்றும் இல்லை!

இங்கே சுண்டு விரல் இல்லை, அடையாளமே இல்லை. ஆகவேதான் யார் மேலும் பழி விழுகிறது.

பிள்ளைகளுக்குக் காட்டலாமா என்று தாய்மார்கள் கேட்கலாம். தாராளமாகக் காட்டலாம். 25 நிமிடம்தான். கோர முகம் எதுவும் கிடையாது. ஆனால் தனியாகப் பார்க்க விடாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். "சுட்டார்களே, அது யார் அம்மா?" என்று கேட்கும். அடுத்த தெருவில் விளக்கு எரிகிறதா என்று பார்த்து வரப் போன, அதே தெருக்காரர் என்று சொல்லுங்கள்.