உலக வரலாறு வெளியூர்க் கதையா?

"உலக வரலாறெல்லாம் வெள்ளைக்காரன் கதை. நம்ம பிள்ளைகளுக்கு மார்க் வாங்கத்தான் அது." மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் பெற்றோரும் இதைச் சொல்கிறார்கள், ஆசிரியர்கள் சிலரும் சொல்கிறார்கள். பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் புத்தகம் முதல் உலகப் போரில் தொடங்குகிறது. பிள்ளைகள் ஆண்டுகளை உருப்போட்டுப் பரீட்சை எழுதுகிறார்கள், பிறகு மறந்துவிடுகிறார்கள். இந்த எண்ணத்தைப் பிள்ளைகளுக்கு இழைக்கும் அநியாயம் என்றே சொல்வேன்.

இந்த ஊரில் கள்ளக்குறிச்சி கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. அரவைக்கு வரும் கரும்பின் மூதாதை நியூகினித் தீவில் பயிரானது. 1912இல் கோயம்புத்தூரில் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையம் அந்த இனத்தை நாணல் போன்ற நம் காட்டுக் கரும்போடு கலந்து 'கோ' ரகங்களை உருவாக்கியது. அவை பல நாடுகளுக்குப் போயின.

சர்க்கரைக்காகத்தான் ஐரோப்பியர்கள் லட்சக்கணக்கான ஆப்பிரிக்கர்களை விலங்கிட்டுக் கரீபியன் தீவுகளுக்குக் கப்பலேற்றினார்கள். 1789 பிரெஞ்சுப் புரட்சியை நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். அதே பிரான்சுக்குச் செல்வத்தை அள்ளிக் கொடுத்த செயின்ட் டொமிங்குவில் 1791இல் அடிமைகள் கரும்புத் தோட்டங்களுக்குத் தீ வைத்துக் கிளர்ந்தெழுந்தார்கள். 1804இல் அது ஹைட்டி என்ற விடுதலை நாடானது. 1834இல் பிரிட்டிஷ் காலனிகளில் அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தோட்ட முதலாளிகள் ஆள் தேடி எங்கே வந்தார்கள்? நம்மிடம்தான். மொரீஷியசுக்கு ஆள் போனது. புதுச்சேரி, காரைக்காலிலிருந்து குவாதலூப்புக்கும் மார்த்தினிக்குக்கும் போனது. சென்னையில் புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. நேட்டாலின் கரும்புக் காடுகளுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களில் வட, தென் ஆர்க்காட்டுக்காரர்களும் இருந்தார்கள். மூங்கில்துறைப்பட்டு அன்றைக்குத் தென்னார்க்காட்டு ஊர்.

இன்றும் மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக் கரும்பு வெட்டப் போகும் குடும்பங்கள் தமிழ்நாட்டில் உண்டு. அப்படியொரு வீட்டுப் பிள்ளைக்கு, ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்துக் கடல் கடந்தவனின் கதை எப்படி வெளியூர்க் கதையாகும்? வாங்கிய கடன் ஒரு மனிதனை எப்படிக் கட்டிப்போடும் என்று சொல்லித்தர இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

அதியமானின் முன்னோர்தான் கரும்பை இந்த மண்ணுக்குக் கொண்டுவந்தார்கள் என்கிறது புறநானூறு. அந்த அதியமானின் கல்வெட்டும் தொலைவில் இல்லை. தென்பெண்ணையோடு கிழக்கே போனால் மணலூர்ப்பேட்டைக்கு அருகில் ஜம்பை. அசோகர் தம் இரண்டாம் பாறைக் கல்வெட்டில், மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவ வசதி செய்த நாடுகளைச் சொல்லும்போது சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு சத்தியபுத்திரரையும் சேர்க்கிறார். சிரியாவை ஆண்ட கிரேக்க மன்னன் அந்தியோக்கஸும் அதே வரிசையில் வருகிறான். சத்தியபுத்திரர் யார் என்று அறிஞர்கள் நெடுங்காலம் வாதாடினார்கள். ஜம்பைக் குகையில் 1981இல் கண்டறிந்த தமிழ் பிராமிக் கல்வெட்டு, துறவிகளுக்கு அங்கே தங்குமிடம் அளித்த அதியமான் நெடுமான் அஞ்சிக்கு அந்தப் பெயரையே சூட்டியிருந்தது. கிரேக்க மன்னனோடு ஒரே கல்லில் பெயர் பெற்ற மரபு இந்த ஆற்றங்கரையில் எழுத்து விட்டுப் போயிருக்கிறது. அந்தக் கரையில் உட்கார்ந்துகொண்டு நமக்கும் உலகத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கிறோம்!

"வரலாறு படித்தால் சோறு கிடைக்குமா?" என்பார்கள். அரசு வேலைக்கான குரூப் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களிடம் அதற்கான பதில் இருக்கிறது. எனக்கு அந்தப் பதில் போதாது. தன் பாட்டன் எந்தச் சந்தையில் யாருக்கு விலைபோனான் என்று தெரியாத பிள்ளையை நாளைக்கு எந்தத் தரகனும் எளிதில் ஏமாற்றலாம்.

சமூக அறிவியல் ஆசிரியர்களே, இந்த ஆண்டு ஒருநாள் பிள்ளைகளை ஜம்பைக்கு அழைத்துப் போங்கள். இன்னொரு நாள், கரும்பு வெட்டும் ஒருவரை வகுப்புக்கு அழைத்துவந்து பேசச் சொல்லுங்கள். அதன்பிறகு புத்தகத்தைத் திறங்கள்.