முட்டைச் சோடாவும் உம்மம்மாவின் முட்டைக் கோப்பியும்



வியட்நாமில் முட்டைச் சோடா என்று ஒரு பானம் இருக்கிறது. மஞ்சள் கருவையும் டின்பாலையும் நுரைக்க அடித்து, சோடா ஊற்றி, ஐஸ் போட்டுக் குடிக்கிறார்கள். அந்த வீடியோ எங்கள் வகுப்புப் பிள்ளைகளிடம் சுற்றுகிறது. "சேர், வீட்டுல செஞ்சு பாக்கலாமா?" என்று கேட்கிறார்கள் சிலர். "சீ, பச்ச முட்டையா?" என்று முகம் சுளிக்கிறார்கள் மற்றவர்கள்.

நாங்கள் திருப்பிக் கேட்டோம்: "உங்கட உம்மம்மா முட்டைக் கோப்பி அடிச்சுத் தந்ததில்லையா?" கை உயர்த்தியவர்கள் மூன்று நான்கு பேர்தான்.

கண்டிப் பக்கத்தில் இது நடப்பதுதான் கவலை. இந்த மலைகள் தேயிலைக்கு முன் கோப்பி விளைந்த மலைகள். 1869இல் வந்த இலைத்துரு நோய் தோட்டங்களை அழித்தது. ஆனாலும் வீட்டுத் தோட்டங்களில் கோப்பி மரம் தப்பிப் பிழைத்தது. அந்தக் கொட்டையை வறுத்து, உரலில் இடித்து, முட்டையையும் சீனியையும் நுரைக்க அடித்து, கொதிக்கக் கொதிக்க ஊற்றித் தந்தார்கள் நமது மூத்தவர்கள். பிரசவித்த தாய்க்கும், காய்ச்சலில் எழும்பியவருக்கும், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கும் அதுதான் தெம்பு. வேறு சிலர் பிராந்தி கலப்பார்கள். நமது வீடுகளில் கோப்பியே போதுமாக இருந்தது.

வியட்நாமிலும் முட்டைக் கோப்பி உண்டு. 1946இல் ஹனோய் நகரில் பாலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, ஹோட்டல் ஊழியரான நுயென் வான் ஜியாங் முட்டையை அடித்துக் கோப்பியில் சேர்த்தார். இன்று அதைக் குடிக்க உலகமே ஹனோய்க்குப் போகிறது. அவர்கள் இல்லாமையில் பிறந்ததைக் கொண்டாடுகிறார்கள். நாமோ கையில் இருந்ததை விட்டுவிட்டு, கல்யாண வீட்டிலும் நோன்பு திறக்கும் இடத்திலும் சோடாப் போத்தலை அடுக்குகிறோம்.

சென்ற தவணையில் காலைக் கூட்டத்தில் ஒரு பிள்ளை மயங்கி விழுந்தது. காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டோம். முதல் நாள் கல்யாண வீட்டுச் சோடாவின் மிச்சம்தான் காலை ஆகாரமாம். அவசரத்துக்கு நாங்களும் இன்னொரு சோடாவைத்தான் வாங்கிக் கொடுத்தோம். அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறோம்.

போத்தலில் உள்ள நிற அடையாளத்தைப் பாருங்கள். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. 2016 ஓகஸ்ட் முதல் இது நடைமுறையில் இருக்கிறது. சிவப்பு அடையாளமுள்ள அரை லீற்றர் போத்தலில் 55 கிராமுக்கு மேல் சீனி, அதாவது 13 தேக்கரண்டிக்கும் மேல். பெரியவர் ஒருவருக்கே நாளொன்றுக்கு 50 கிராம்தான் மேல் எல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு முட்டையிலோ சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது, விலையும் அந்தப் போத்தலை விடக் குறைவு.

பழையது எல்லாம் அப்படியே நல்லது என்றும் நாங்கள் சொல்லவில்லை. பச்சை முட்டையில் சல்மொனெல்லா கிருமி இருக்கலாம். கர்ப்பிணிகள், சிறு பிள்ளைகள், வயோதிபர்களுக்கு அது கூடாது. சுடுகோப்பி ஊற்றுவதால் மட்டும் முட்டை வெந்துவிடாது. ஆகவே அடித்த முட்டையில் சூடான பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, பாத்திரத்தைக் கொதிநீர்ச் சட்டியின் மேல் வைத்து, கரண்டியில் ஒட்டும் பதம் வரும்வரை கிண்டுங்கள். சீனி ஒரு தேக்கரண்டி போதும். பெரியவர்களுக்குக் கோப்பியைக் கலந்து கொடுங்கள். பிள்ளைகளுக்குப் பாலோடு நிறுத்துங்கள்.

பெற்றோரே, வெறும் வயிற்றோடு பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பாதீர்கள். இந்த வார விடுமுறையில் உம்மம்மாவிடம் பிள்ளையை அனுப்பி, முட்டை அடிக்கும் பக்குவத்தைக் கேட்டுவரச் சொல்லுங்கள். அவர் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.