எழுத்தைத் தேடும் விளையாட்டும் எமது பிள்ளைகளின் தமிழும்

ஸ்டுட்கார்ட் நகரில் வளரும் எமது பிள்ளைகள் பலர் ஆங்கிலச் சொல் விளையாட்டுக்களில் மிகுந்த நாட்டங் கொண்டுள்ளனர். குறித்த சில எழுத்துக்களைக் கொடுத்து, அவை யாவும் அமைந்த நீண்ட சொல்லொன்றைக் கண்டுபிடிக்குமாறு கேட்பது அவற்றுள் ஒன்று. பிள்ளை நீண்ட சொல்லைக் கண்டறிந்ததும் பெற்றோராகிய நாம் பெருமிதம் அடைகின்றோம். அதே பிள்ளை தமிழ் விழா மேடையில் மனனஞ் செய்த பேச்சைத் தங்குதடையின்றி ஒப்புவிக்கும்பொழுதும் கைதட்டுகின்றோம். ஆனால் அப்பேச்சிலுள்ள ஒரு சொல்லின் பொருளை வினவினால் பிள்ளை விழிக்கின்றது. ஆங்கிலத்தில் சொல்லைத் தேடும் பிள்ளை தமிழில் சொல்லைச் சுமக்கின்றது. இந்நிலை மாறவேண்டுமாயின், அவ்விளையாட்டையே தமிழ் வகுப்புக்குள் கொண்டுவருதல் வேண்டும் என்பது எமது கருத்து.

ஆங்கிலத்தில் இவ்விளையாட்டுக்கு ஏற்ற வியப்புக்கள் பலவுண்டு. வலிமைகள் எனப் பொருள்படும் 'ஸ்ட்ரெங்த்ஸ்' என்னுஞ் சொல்லில் ஒன்பது எழுத்துக்கள் இருந்தும் உயிரெழுத்து ஒன்றே உளது. பதிப்புரிமை பெறவியலாத என்னும் பொருளுடைய 'அன்கொப்பிரைட்டபிள்' 15 எழுத்துக்கள் கொண்டது. அவற்றுள் ஓர் எழுத்தேனும் இருமுறை வருவதில்லை. 1935ஆம் ஆண்டு அமெரிக்கப் புதிர் ஆர்வலர் சங்கமொன்றின் தலைவர், நுரையீரல் நோயொன்றுக்கு 45 எழுத்துக்களாலான பெயரொன்றைப் புனைந்தார். நீளத்துக்காகவே பிறந்த அச்சொல் பின்னர் அகராதிகளிலும் இடம்பிடித்துக் கொண்டது.

ஜேர்மன் மொழியோ நீளத்தில் ஆங்கிலத்தை விஞ்சுவது. மெக்லன்பேர்க்-போர்பொமேர்ன் மாநிலத்தில் மாட்டிறைச்சிக்குப் பெயர்ச்சீட்டு இடுதலைக் கண்காணிக்கும் கடமைகளை ஒப்படைப்பதற்கென ஒரு சட்டம் இருந்தது. அதன் பெயர் 63 எழுத்துக்களாலான ஒரே சொல். 2013ஆம் ஆண்டு சட்டம் நீக்கப்படவே, சொல்லும் வழக்கிழந்தது. ஆயினும் அதனைப் பிரிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அச்சொல் அச்சந் தருவதன்று. மாட்டிறைச்சி, பெயர்ச்சீட்டு, கண்காணிப்பு, கடமை, ஒப்படைப்பு, சட்டம் என்னும் ஆறு பகுதிகளாக அது நிற்கும். பிறந்தநாளைக் குறிக்கும் 'கெபூர்ட்ஸ்டாக்' என்னும் சொல்லில் 'கெபூர்ட்' என்பதற்கும் 'டாக்' என்பதற்கும் இடையே ஓர் 'ஸ்' நிற்கின்றது. தமிழில் பனை என்பதும் காய் என்பதும் சேர்ந்து பனங்காய் ஆகும்பொழுது இடையில் தோன்றும் 'அம்' சாரியையும் அத்தகையதே. பாடசாலையில் முன்னதை அறிந்த பிள்ளைக்குப் பின்னதை விளக்க அதிக நேரம் வேண்டியதில்லை.

எழுத்தைக் கொண்டு சொல்லைத் தேடுதல் தமிழருக்குப் புதியதன்று. மண்டலபுருடர் இயற்றிய சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதியிலே சொற்கள் எதுகை முறையில், அதாவது இரண்டாம் எழுத்தின் வரிசைப்படி அடுக்கப்பட்டுள்ளன. இந்நிகண்டை ஆறுமுக நாவலர் 1849ஆம் ஆண்டு அச்சிற் பதிப்பித்தார். வீரமாமுனிவர் 1732இல் தொகுத்த சதுரகராதியின் நான்காம் பகுதியாகிய தொடையகராதியும் எதுகைச் சொற்களைத் தேடுவோர்க்கென அமைந்ததே. 1842இல் மானிப்பாயில் அச்சான யாழ்ப்பாண அகராதியும் இவ்வழியில் வந்த செல்வமே. எமது இந்நகரில் 1814ஆம் ஆண்டு பிறந்த ஹெர்மன் குண்டர்ட், இந்தியா சென்று தமிழையும் மலையாளத்தையும் கற்று, 1872இல் மலையாள அகராதியை வெளியிட்டார். ஸ்டுட்கார்ட்டில் பிறந்தவர் எமது அயல்மொழியின் சொற்களைத் தேடித் தொகுத்தார் எனின், இங்கு வளரும் எமது பிள்ளைகள் தம் தாய்மொழியின் சொற்களைத் தேடுதல் அரிதாமோ?

எனினும் தமிழ் எழுத்தைத் தமிழ் முறையிலேயே எண்ணுதல் வேண்டும். ஸ்டுட்கார்ட் என்னும் பெயர் ஜேர்மன் எழுத்தில் ஒன்பது, தமிழில் ஆறு. யாழ்ப்பாணம் என்பதும் எமக்கு ஆறெழுத்தே. கணினியின் ஒருங்குறி முறையோ அதனைப் 11 குறிகளாகச் சேமிக்கின்றது. புள்ளியையும் காலையும் வேறு வேறாகக் கொள்கின்றது. ஆதலால் ஆங்கிலத்துக்கென ஆக்கிய தேடுகருவியை அவ்வாறே தமிழுக்குப் பயன்படுத்தினால் கணக்குப் பிழைக்கும். குறுக்கெழுத்துக் கட்டத்தில் ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து என நாம் நிரப்பும் முறையே பிள்ளைக்கு உரிய அளவுகோல். நீளமே சிறப்பு என்னும் எண்ணமும் தமிழுக்குப் பொருந்தாது. பூ, தீ, கை, வா என ஓரெழுத்தாலாகிய சொற்கள் 42 உள்ளன என நன்னூல் கூறும்.

இதனாற் பெறும் பெரும்பயன் செவிக்கும் நாவுக்குமானது. ஜேர்மன் மொழியில் லகரம் ஒன்றே. தமிழில் ல, ள, ழ என மூன்று. மழையும் மலையும், வாழையும் வாளையும், கிழியும் கிளியும் எமது பிள்ளைகளின் வாயில் ஒன்றாகிவிடுவதை நாம் நாளும் கேட்கின்றோம். இரண்டாம் எழுத்து ழகரமாக உள்ள சொற்களைத் தேடுமாறு கூறினால், பழம், மழை, குழல், தொழில், எழுத்து, விழா எனப் பிள்ளை தானே அடுக்கும். வீட்டில் அம்மம்மாவிடம் கேட்டு உழுந்து என்று எழுதிவரும் பிள்ளையும், நூலிற் கண்டு உளுந்து என்று கூறும் பிள்ளையும் வாதிடுவர். இரண்டும் வழக்கிலுள்ளவையே என ஆசிரியர் விளக்கும்பொழுது அப்பாடம் நெஞ்சில் நிலைக்கும்.

வாரத்தில் ஒருநாள் கிடைக்கும் சில மணி நேரத்தை விளையாட்டில் கழிப்பதா, தேர்வுக்கு யார் ஆயத்தஞ் செய்வது எனச் சிலர் வினவலாம். நியாயமான வினாவே. வகுப்பின் இறுதியிற் பத்து நிமிடம் போதும் என்பதே எமது விடை. சொல்லைக் கூறுவதோடு அதன் பொருளையும் கூறி, ஒரு வாக்கியத்தில் அமைத்துக் காட்டும் பிள்ளைக்கே புள்ளி வழங்குதல் வேண்டும். நீண்ட சொல்லுக்கெனத் தனிப்புள்ளி வேண்டா. வீட்டில் முதியோரிடம் கேட்டறிந்த சொல்லுக்கு ஒரு புள்ளி மிகுதியாக வழங்கலாம்.

வருங்கால ஆண்டு விழாக்களில் பேச்சுப் போட்டியோடு சொல் தேடும் போட்டியும் இடம்பெறுதல் வேண்டும் என ஆசிரியர்களையும் பெற்றோரையும் அன்புடன் வேண்டுகின்றோம். அப்போட்டிக்குப் பெற்றோர் எழுதிக் கொடுக்க எதுவும் இராது. மேடையேறும் பிள்ளை தான் தேடிக் கண்ட சொல்லையே கூறும். அதன் பொருளை வினவினால் விடையும் பகரும்.