ட்ரக் எங்களுடையது, அதன் பூட்டு யாருடையது?

ஒஷாவாவில் உள்ள ஜெனரல் மோட்டர்ஸ் ஆலையின் மூன்றாவது ஷிப்ட் 2026 ஜனவரி இறுதியோடு நின்றுவிட்டது. 2025 ஏப்ரல் 3ஆம் திகதி வெளிநாட்டு வாகனங்கள் மீது அமெரிக்காவின் 25 வீத வரி நடைமுறைக்கு வந்தது. ஒரு மாதம் கழிய முதல், மே 2ஆம் திகதி, ஷிப்ட் குறைப்பு அறிவிப்பும் வந்தது. அந்த ஆலையில் செய்யப்படுவது செவ்ரோலெட் சில்வராடோ பிக்கப் ட்ரக். டர்ஹம் பிராந்தியத்தில் எத்தனையோ வீடுகளின் மோட்கேஜ் இந்த ஒரு ட்ரக்கை நம்பித்தான் இருக்கிறது.

எங்கட ஆக்களிடையே பேச்சு பெரும்பாலும் இந்த வேலையிழப்போடு முடிந்துவிடுகிறது. அது பெரிய விஷயம்தான், மறுக்கேலாது. ஆனால் அதே ட்ரக்கைச் சுற்றி இன்னொரு தொழில் உண்டு. ட்ரக் ஷோரூமை விட்டு வெளியே வந்த பிறகுதான் அது தொடங்கும்.

ஸ்காபரோ, அஜக்ஸ், விற்பி, ஒஷாவா பக்கம் பிக்கப் ட்ரக் வைத்திருக்கும் தமிழர்களைப் பாருங்கோ. வீடு திருத்தும் வேலை, லேண்ட்ஸ்கேப்பிங், குளிர்காலத்தில் பனி அகற்றல் என்று உழைக்கிறவர்கள் கனபேர். கம்பனி கொடுத்தபடியே வைத்துக்கொண்டு இந்த வேலைகளைச் செய்வது கஷ்டம். முன்னுக்கு ஸ்னோ ப்ளோ பூட்ட வேண்டும். ட்ரெய்லர் இழுக்க பிரேக் கொன்ட்ரோலர் வேண்டும். பின் பெட்டிக்கு மூடி, கருவிப் பெட்டி, பின்னுக்குப் பாரம் ஏற்றினாலும் குந்தாமல் இருக்கக் கூடுதல் ஸ்பிரிங் எல்லாம் வேண்டும். இளம் பெடியளுக்கு லிஃப்ட் கிட், பெரிய டயர், எஞ்சின் ட்யூனிங். இவை எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் ஆஃப்டர்மார்க்கெட்: வாகனம் செய்த கம்பனி அல்லாத வேறொருவர் செய்து, வேறொருவர் பூட்டிக் கொடுக்கும் பாகங்கள்.

இந்தத் தொழிலை ஒரு வரி அறிவிப்பால் ஒரே இரவில் டெட்ராய்ட்டுக்கோ இண்டியானாவுக்கோ தூக்கிக்கொண்டு போக முடியாது. ஒஷாவாவில் ஓடும் ட்ரக்கை ஒஷாவாவில்தான் திருத்த வேண்டும், ஒஷாவாவில்தான் மாற்றியமைக்க வேண்டும். ஆகவே ஆலை வேலைகள் ஆடிக்கொண்டிருக்கும் இந்தக் காலத்தில் நாங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய ட்ரக்கை மாற்றியமைக்கும் உரிமை உண்மையில் எங்களிடம் இருக்கிறதா?

ஒஷாவாவின் பிறப்பே ஒரு மாற்றியமைப்பு

ஒஷாவாவின் வாகன வரலாறு தொடங்கியது குதிரை வண்டியில். மக்லொக்ளின் குடும்பம் 1876இல் தங்கள் வண்டித் தொழிலை இந்த ஊருக்குக் கொண்டு வந்தது. 1907இல் மோட்டர் கார் கம்பனி தொடங்கியபோது, ப்யூக் எஞ்சினை அமெரிக்காவிலிருந்து எடுத்து, கார் உடலை ஒஷாவாவிலேயே செய்து பூட்டினார்கள். மக்லொக்ளின்-ப்யூக் என்ற புகழ்பெற்ற கார் அப்படித்தான் பிறந்தது. 1918இல் அந்தக் கம்பனி ஜெனரல் மோட்டர்ஸின் கனடாக் கிளையாக மாறியது. இன்னொருவர் செய்த எஞ்சினுக்குத் தன் கையால் உடல் செய்து பூட்டிய ஊர் இது.

இன்னொன்றும் உண்டு. 2019 டிசம்பரில் இந்த ஆலையில் வாகன உற்பத்தி முற்றாக நின்றது. அந்த இடைவெளியில் ஆலையின் கதவு முழுதாகப் பூட்டப்படாமல் இருக்கக் காரணம் உதிரிப்பாக வேலையும், கொரோனா காலத்தில் நடந்த முகக்கவசத் தயாரிப்பும்தான். 2021 நவம்பரில் சில்வராடோ உற்பத்தி தொடங்கும் வரை அந்தச் சிறிய வேலைகளே ஆலையைத் தாங்கின.

நட்டு போல்ட்டு காலம் முடிந்துவிட்டது

இருபது வருடத்துக்கு முன் ட்ரக்கை மாற்றியமைக்க ஸ்பேனர் செட்டும் கொஞ்சம் பொறுமையும் போதும். இப்போது அப்படியில்லை. ஒரு நவீன பிக்கப்பில் எஞ்சின், கியர்பொக்ஸ், பிரேக், விளக்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு கம்பியூட்டர். அவை ஒன்றோடொன்று வலையமைப்பில் பேசுகின்றன. மென்பொருள் துறையில் வேலை செய்பவர்களுக்கு இது விளங்கும்: சக்கரம் பூட்டிய ஒரு டேட்டா சென்டர் மாதிரி.

ஃபோர்ட் எஃப்-150 ட்ரக்கில் பின் விளக்குக்குள்ளேயே பக்கவாட்டு வாகனத்தைக் கண்டுபிடிக்கும் ரேடார் இருக்கலாம். அதை வெறும் பல்ப் மாற்றும் வேலை என்று நினைத்தால் பில்லைப் பார்க்கும்போது தலை சுத்தும். ட்ரக்கை நாலு அங்குலம் உயர்த்தினால் முன் கண்ணாடியில் உள்ள கமெராவின் பார்வைக் கோணமும் மாறும். அதை மறுபடி அளவுதிருத்த வேண்டும். சில பாகங்களை மாற்றினால் கம்பனியின் சேர்வரோடு இணைந்து, ஒவ்வொரு வாகனத்துக்கும் கட்டணம் செலுத்தி, மென்பொருள் ஏற்றினால்தான் அவை வேலை செய்யும். 2017 மாடலில் வந்த ஜெனரல் மோட்டர்ஸின் டியூரமேக்ஸ் எல்5பி டீசல் எஞ்சினின் கம்பியூட்டர், ட்யூனிங் செய்பவர்களுக்கு லேசில் திறக்காத பூட்டாக இருந்தது.

இந்தப் பூட்டுகள் எல்லாம் கெட்ட நோக்கத்தில் போடப்பட்டவை அல்ல. களவு, ஹேக்கிங், பிரேக்கில் கைவைப்பு ஆகியவற்றிலிருந்து பாதுகாப்பும் வேண்டும். ஆனால் அதே பூட்டு போட்டியாளரையும் வெளியே நிறுத்துகிறது. திறப்பு கம்பனியிடம் மட்டும் இருந்தால் விலையும் கம்பனி சொன்னதுதான்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஜெனரல் மோட்டர்ஸ் 2018இல் தன் பெரிய வாகன மென்பொருள் மையத்தைத் திறந்தது மார்க்கத்தில். மார்க்கத்தில் மென்பொருள் எழுதுகிறார்கள், ஒஷாவாவில் ட்ரக்கைப் பூட்டுகிறார்கள், ஸ்காபரோ கராஜில் இருக்கிற மெக்கானிக் அதைத் திறக்க முடியாமல் நிற்கிறார். மூன்று இடத்திலும் தமிழர் இருக்கிறோம்.

சட்டம் எங்கே நிற்கிறது?

கனடாவில் இந்தப் பூட்டை உடைப்பதைத் தடுப்பது போக்குவரத்துச் சட்டம் அல்ல, காப்புரிமைச் சட்டம். 2012இல் செய்யப்பட்ட திருத்தம் டிஜிட்டல் பூட்டுகளை உடைப்பதைத் தடை செய்தது. பாட்டையும் படத்தையும் களவாகப் பிரதி எடுப்பதைத் தடுக்க வந்தது என்று சொன்னார்கள். ஆனால் எஞ்சின் கம்பியூட்டருக்குள் இருப்பதும் மென்பொருள்தானே! அதுவும் அந்த வலைக்குள் விழுந்தது.

2024 நவம்பர் 7ஆம் திகதி இரண்டு தனிநபர் சட்டமூலங்கள் சட்டமாகின. லிபரல் உறுப்பினர் வில்சன் மியாவோவின் சி-244, பழுதுபார்ப்பு, பராமரிப்பு, பழுது கண்டறிதல் ஆகியவற்றுக்காகப் பூட்டை உடைக்க அனுமதித்தது. கொன்சர்வேற்றிவ் உறுப்பினர் ஜெரமி பாட்சரின் சி-294, ஒரு கருவியை இன்னொரு கருவியோடு இணைந்து இயங்கச் செய்வதற்காக அனுமதித்தது. இரண்டாவதன் பின்னால் இருந்தது சஸ்கச்சுவன் மாகாணத்து விவசாயக் கருவி உற்பத்தியாளர்களின் கவலை. பெரிய கம்பனியின் அறுவடை இயந்திரத்தில் தாங்கள் செய்யும் முன்பாகத்தைப் பூட்ட முடியாமல் போனால் தங்கள் தொழிலே போய்விடும் என்பது அவர்கள் நிலை. ட்ரக்குக்கு ஸ்னோ ப்ளோ பூட்டுபவரின் நிலையும் இதுதான்.

நல்ல தொடக்கம். ஆனால் ஓட்டை இருக்கிறது. பழுதுபார்ப்பதற்காகப் பூட்டை உடைக்கலாம் என்கிறது சி-244. அதை உடைக்கும் கருவியைச் செய்து விற்பதற்கு அது கதவைத் திறக்கவில்லை. கிணற்றில் தண்ணி அள்ளலாம், வாளி விற்கக்கூடாது என்ற மாதிரி. எல்லா மெக்கானிக்கும் மென்பொருள் எழுத முடியுமா?

அடுத்தது, 'மாற்றியமைத்தல்' என்ற சொல். அமெரிக்காவில் 2015ஆம் ஆண்டிலேயே காப்புரிமை அலுவலகத்தின் விதிவிலக்கு, வாகனங்களைப் பழுதுபார்ப்பதோடு 'சட்டத்துக்கு உட்பட்ட மாற்றியமைப்பு' செய்வதையும் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொண்டது. கனடாவின் இரண்டு சட்டங்களிலும் அந்தச் சொல் இல்லை. பழுதைத் திருத்தலாம், இணைக்கலாம். மேம்படுத்தலாமா என்பது மங்கலாகவே கிடக்கிறது. கனடாவோடு வரிப்போர் நடத்தும் நாடு தன் ட்ரக்காரருக்குக் கொடுத்திருக்கும் உரிமையை, எங்கள் நாடு எங்களுக்கு வாய் திறந்து சொல்லவில்லை.

யாழ்ப்பாணத்துக் கார்கள் சொல்லும் பாடம்

எங்கட சமூகத்துக்கு இந்த விஷயம் புதிதல்ல. 1990களில் வடக்கில் பொருளாதாரத் தடை இருந்தபோது பெற்றோல் கிடைப்பது குதிரைக் கொம்பு. அப்போதும் யாழ்ப்பாணத்தில் ஒஸ்டினும் மொறிஸ் மைனரும் ஓடின. சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை இயக்கி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டார்கள். எங்கள் அம்மா அப்பாவின் தலைமுறைக்கு இது கதையல்ல, வாழ்ந்த வாழ்க்கை.

அந்த மெக்கானிக்குகளின் கெட்டித்தனத்தைப் பாராட்டுகிறோம். ஆனால் அவர்களுக்கு உதவிய இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அந்தக் கார்களில் பூட்டு இல்லை. பொனட்டைத் திறந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது. 2026 மாடல் ட்ரக் ஒன்றில் அதே கெட்டித்தனத்தைக் காட்ட முடியாது. அறிவு இருந்தும் அனுமதி இல்லாத நிலை அது.

எல்லா மாற்றமும் நல்ல மாற்றம் அல்ல

உரிமை கேட்கும்போது பொறுப்பையும் சொல்ல வேண்டும். டீசல் ட்ரக்கின் புகை வடிகட்டியைக் கழற்றி எறிவது மாற்றியமைப்பு அல்ல, மற்றவரின் நுரையீரலில் கைவைப்பது. ஒன்ராறியோவில் அது குற்றம். இரவு 2 மணிக்கு ஊரை எழுப்பும் சைலன்சரும் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்துக்கு எதிரானதுதான். அமெரிக்க விதிவிலக்கில் 'சட்டத்துக்கு உட்பட்ட' என்ற சொல் இருப்பதன் காரணம் இதுவே. பூட்டைத் திறக்கும் உரிமை வந்தாலும் புகைச் சட்டமும் பாதுகாப்புச் சட்டமும் அப்படியே இருக்கும்.

ட்ரக் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியவையும் சில. ஸ்பிரிங் மாற்றினால் ட்ரக் குந்தாது. ஆனால் கதவு நிலையில் ஒட்டியிருக்கும் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை ஒரு கிலோவும் கூடாது. அமெரிக்க யூடியூப் வீடியோக்களில் 'ஆஃப்டர்மார்க்கெட் பாகம் போட்டால் வாரண்டி போகாது, சட்டம் இருக்கு' என்று சொல்லுவினம். அது 1975ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம். கனடாவில் அதே மாதிரி மத்திய சட்டம் இல்லை. ஒன்ராறியோ வாகனக் காப்புறுதியில் ஆபத்தின் அளவை மாற்றும் எந்த மாற்றத்தையும் கம்பனிக்குச் சொல்ல வேண்டும். சொந்தப் பாவனைக்கு என்று எடுத்த ட்ரக்கில் ப்ளோ பூட்டி உழைத்தால் அதையும் சொல்லத்தான் வேண்டும். விபத்து நடந்த பிறகு சொல்லிப் பிரயோசனம் இல்லை.

இப்போது ஏன் கேட்க வேண்டும்?

கனடா–அமெரிக்கா–மெக்சிகோ வர்த்தக ஒப்பந்தம் 2020 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்தது. அதன் கூட்டு மீளாய்வுக்கு ஒப்பந்தமே குறித்த காலம் 2026 ஜூலை. டிஜிட்டல் பூட்டுகளைக் காக்கும் கடப்பாடும் அந்த ஒப்பந்தத்துக்குள்தான் இருக்கிறது. கருவி விற்பனையைத் திறந்துவிட ஒட்டாவா தயங்குவதற்கு அதுவே காரணம். ரொறன்ரோவில் பிறந்த எழுத்தாளர் கோரி டொக்ரோ போன்றவர்கள், அமெரிக்க வரிக்குப் பதிலாக இந்தப் பூட்டுச் சட்டத்தையே கனடா தளர்த்த வேண்டும் என்று வாதிடுகிறார்கள். பதில் வரி போட்டால் எங்கள் கடைகளில் விலை ஏறும். பூட்டைத் திறந்தால் எங்கள் கராஜ்களில் வேலை ஏறும் என்பது அந்த வாதத்தின் பலம். ஒப்பந்தத்தை மீறினால் எதிர்வினை வரும் என்பது பலவீனம். அதனால்தான் மீளாய்வு மேசை முக்கியமாகிறது. அமெரிக்கா தன் மக்களுக்குக் கொடுத்த அளவு உரிமையையாவது எழுத்தில் கேட்பதை யாரும் அத்துமீறல் என்று சொல்ல முடியாது.

மாகாணமும் தூங்கக்கூடாது. கியூபெக் 2023இல் பழுதுபார்க்கும் உரிமைக்குத் தனிச் சட்டம் செய்தது. ஒன்ராறியோவில் 2019இல் மின்னணுப் பொருட்களுக்கு வந்த அப்படியொரு சட்டமூலம் தோற்கடிக்கப்பட்டது. இத்தனைக்கும் ஒஷாவாவில் ஒன்ராறியோ டெக் பல்கலைக்கழகத்தின் காலநிலைக் காற்றுச் சுரங்கம் இருக்கிறது. ஆலையில் வேலை இழந்த கைதேர்ந்த தொழிலாளர் இருக்கிறார்கள். பாகங்களைச் செய்து, சோதித்து, சான்றிதழ் கொடுத்து விற்கத் தேவையான அறிவு இந்த ஊரில் உண்டு. இல்லாதது சட்டத்தின் தெளிவு.

தமிழ் வாக்குகளைத் தேடி வரும் அரசியல்வாதிகளிடம் நாங்கள் பொங்கல் வாழ்த்தோடு திருப்திப்பட்டு விடுகிறோம். அடுத்த முறை வரும்போது ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கோ: கடன் கட்டி முடித்த ட்ரக்கைத் திறக்க நான் யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?