காதுக்குக் கருவி... அதற்குப் பிறகு?

"பேசாத குழந்தை பேசப் போகிறது!" பேப்பரில் அவ்வப்போது வரும் செய்தி இது. வெள்ளைக் கோட்டு டாக்டர்கள் வரிசையாக நிற்க, நடுவில் தலையில் கட்டுப் போட்ட குழந்தையும் கண் கலங்கிய அம்மாவும். படம் பிடித்தவர் அத்தோடு கிளம்பிவிடுகிறார். உண்மையான கதை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது என்பது அந்த அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும்.

காக்ளியர் இம்ப்ளான்ட் மோசமான விஷயம் என்று யாரும் சொல்லவில்லை. 1978-ல் மெல்போர்னில் கிரீம் கிளார்க் பொருத்திய பல மின்முனைக் கருவியிலிருந்து வளர்ந்த இந்தத் தொழில்நுட்பம் பெரிய சாதனை. லட்சக்கணக்கில் செலவாகும் இந்தச் சிகிச்சையை, 2012 ஜனவரியில் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஏழைக் குழந்தைகளுக்கு இலவசமாகக் கொடுப்பது தமிழ்நாடு பெருமைப்பட வேண்டிய ஒன்று. சொந்தத்தில் கல்யாணம் செய்யும் வழக்கம் இன்னும் விடாத ஊர்களில் பிறவிக் காது கேளாமை அதிகம். ஆகவே இதன் தேவையும் இங்கே அதிகம்.

கோபம் எதில் என்றால், ஆபரேஷனை எண்ணிவிட்டுக் குழந்தையை மறந்துவிடுவதில்!

திண்டுக்கல் பக்கத்து அகரத்தில் அப்படி ஒரு குழந்தை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆபரேஷன் முடிந்து சில வாரம் கழித்துத்தான் கருவியை 'ஆன்' செய்வார்கள். அன்றைக்குக் குழந்தை "அம்மா" என்று சொல்லாது. பயந்து அழும். அதன் மூளைக்கு ஒலி என்றால் என்னவென்றே தெரியாதே! உள்ளே இருக்கும் மின்முனைகளின் அளவைத் திரும்பத் திரும்பச் சரிசெய்ய வேண்டும். ஒலியைச் சொல்லாக மாற்றிக்கொள்ள வருடக்கணக்கில் பேச்சுப் பயிற்சி வேண்டும். அதற்கு டவுன் பஸ் பிடித்துத் திண்டுக்கல், அங்கிருந்து அறுபது கிலோமீட்டருக்கு மேல் மதுரை. அம்மா கூலி வேலைக்குப் போகிறவள் என்றால் அன்றைய சம்பளம் போச்சு. ஒரு வாரம் தவறும், பிறகு ஒரு மாதம் தவறும்... மூன்று, மூன்றரை வயதுக்குள் ஒலி பழகாவிட்டால் மூளை கற்றுக்கொள்வது கடினமாகிக்கொண்டே போகும் என்பதை அவளுக்கு உட்கார்ந்து விளக்க யாருக்கு நேரம் இருக்கிறது?

அப்புறம் கருவி. வெளியே மாட்டும் பகுதிக்குப் பேட்டரி வேண்டும், ஒயர் அறும், வியர்வையில் கெடும். குளிக்கும்போதும் தூங்கும்போதும் கழற்றி வைத்தால் குழந்தை மறுபடி முழுச் செவிடு. முத்தாலம்மன் திருவிழாக் கூட்டத்தில், கொட்டுச் சத்தத்துக்கு நடுவே, மாட்டியிருந்தாலும் அம்மாவின் குரலைப் பிரித்துக் கேட்பது கஷ்டம். சில வருடம் போனால் கம்பெனி அந்த மாடலுக்கு உதிரிபாகம் தருவதையே நிறுத்திவிடும். கேரளாவில் 'சுருதிதரங்கம்' திட்டத்தில் கருவி பெற்ற குழந்தைகளுக்கு இதுதான் நடந்தது. பழைய கருவிகள் பழுதாகி, புதியவை கிடைக்காமல், 2023-ல் பெற்றோர் குரல் எழுப்ப வேண்டியிருந்தது. கேட்கப் பழகிய குழந்தையிடமிருந்து ஒலியைத் திரும்பப் பிடுங்குவது என்ன நியாயம்?

இதைவிடப் பெரிய அநியாயம் ஒன்று உண்டு. "சைகை காட்டாதீங்க, அப்புறம் பேச்சு வராது" என்று பெற்றோரிடம் இன்றும் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். 1880-ல் மிலான் மாநாட்டில் காது கேட்பவர்கள் கூடிச் சைகை மொழியைப் பள்ளிகளிலிருந்து விரட்டத் தீர்மானம் போட்டார்கள். அந்தத் தீர்மானத்தை 2010-ல் வான்கூவரில் கூடிய அதே வரிசை மாநாடு நிராகரித்து வருத்தமும் தெரிவித்துவிட்டது. ஆனால் அந்த அறிவுரை மட்டும் இங்கே சாகவில்லை! பிறந்ததிலிருந்தே சைகை மொழியில் வளர்ந்து, பிறகு கருவி பொருத்திக்கொண்ட குழந்தைகள் பேச்சில் பின்தங்கவில்லை என்று அமெரிக்க ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பேட்டரி தீர்ந்த பொழுதிலும், ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் மாதங்களிலும், கருவி பலன் தராமல் போனாலும், கையில் ஒரு மொழி இருக்கும் அல்லவா? அதையும் பறித்துவிட்டால் ஐந்து வயதில் அந்தக் குழந்தைக்குப் பேச்சும் இல்லை, சைகையும் இல்லை. பசிக்கிறது என்று காட்டும். கனவில் என்ன வந்தது என்று எப்படிச் சொல்லும்?

எத்தனை ஆபரேஷன் என்ற கணக்கு எல்லா மேடையிலும் வாசிக்கப்படுகிறது. ஐந்து வருடம் கழித்து அவர்களில் எத்தனை பேர் கருவியை மாட்டியிருக்கிறார்கள், எத்தனை பேர் ஒரு முழு வாக்கியம் பேசுகிறார்கள், எத்தனை கருவி பீரோவில் கிடக்கிறது? அந்தக் கணக்கை மேடையில் வாசிக்கட்டும். திண்டுக்கல்லிலிருந்தே ஆரம்பிக்கட்டும்.