பிரம்மா கோழிகளில் வர்ணக் கலப்பு

இராயபுரத்தை அடுத்த கல்மண்டபம் போன்று வீடுகள் நெருங்கிய இடங்களில், மாடியிலோ சிறு கொல்லையிலோ நாலைந்து ஜாதிக் கோழிகளுக்கு மேல் வைத்தல் இயலாது. இத்தகைய இடத்தில் பிரம்மா கோழி வளர்ப்போருக்கு ஒரு சங்கடம் நேர்வதுண்டு. வெள்ளைப் பிரம்மாச் சேவல் இறந்துவிடின், அதே தினுசில் மற்றொன்று அகப்படுதல் அரிது. அண்டை வீட்டில் கருமைத் தினுசுச் சேவலோ சந்தன நிறச் சேவலோ இருக்கும். "பிரம்மாவோடு பிரம்மா சேர்வதில் குற்றமென்ன?" என்று கேட்டு இரண்டையும் கூட்டுவர். இது யோசித்துச் செய்யவேண்டிய காரியமாகும்.

பிரம்மா ஜாதியே கலப்பினால் உண்டானதன்றோ என்பர் சிலர். அது மெய்யே. ஷாங்காய்த் துறைமுகத்திலிருந்து அமெரிக்கா சென்ற கோழிகளும் சிட்டகாங் கோழிகளும் அதன் முன்னோர் என்பது பொதுவான கொள்கை. பிரம்மபுத்திரா நதியின் பெயரே குறுகி அதற்கு வழங்கலாயிற்று. ஆயினும் அக்கலப்பின் பின்னர்ப் பல்லாண்டு தேர்ந்தெடுத்தல் நிகழ்ந்தது. அமெரிக்க லட்சண நூலில் வெள்ளையும் கருமையும் 1874-ல் ஏற்கப்பட்டன. சந்தன நிறமோ 1924 வரை காத்திருக்க நேர்ந்தது. கலப்பது ஒரு நாள் வேலை. நிலைப்படுத்துவதே நீண்ட வேலை.

வெள்ளையையும் கருமையையும் கூட்டுவது பெரும்பாலும் நஷ்டமே. வெள்ளைத் தினுசில் கறுப்பு கழுத்திலும் வாலிலும் சிறகிலுமே அடங்கி நிற்கும். கருமைத் தினுசில் பெட்டையின் ஒவ்வோர் இறகிலும் மெல்லிய கோடுகள் அமையும். இரண்டும் கூடிய பெட்டைக் குஞ்சுகளில் கோடும் தெளிவாய் இராது, வெண்மையும் சுத்தமாய் இராது. இன்னொரு தொல்லையும் உண்டு. அக்கோடுகள் சேவலின் உடலில் தோன்றுவதில்லை. ஆகையால் கலப்புச் சேவலை எவ்வளவு உற்று நோக்கினும் அதன் குற்றம் விளங்காது. அதன் பெண் குஞ்சுகளிலேயே வெளிப்படும்.

வெள்ளையையும் சந்தன நிறத்தையும் கூட்டுவது வேறு வகை. இவ்விரண்டிலும் கறுப்பின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றே. பேதம் வெள்ளி, பொன் என்னும் பரம்பரைக் கூற்றில் உள்ளது. இக்கூறு சேவலுக்கு இரண்டு. பெட்டைக்கு ஒன்றே, அதுவும் தந்தை வழி வருவது. வெள்ளி பொன்னை மறைக்கும். ஆதலின் சந்தன நிறச் சேவலை வெள்ளைப் பெட்டையோடு கூட்டின், வெளிறிய குஞ்சுகள் சேவல்களாகவும் பொன்னிறக் குஞ்சுகள் பெட்டைகளாகவும் அமையும். பிறந்த அன்றே ஆண், பெண் பிரித்தறிய இது உதவும். வெள்ளைச் சேவலைச் சந்தன நிறப் பெட்டையோடு கூட்டினாலோ எல்லாக் குஞ்சுகளும் வெளிறியே தோன்றும். அவற்றுள் சேவல்கள் யாவும் பொன்னை மறைத்து வைத்திருக்கும். அச்சேவலை வெள்ளைப் பெட்டைகளிடம் விட்டால், மறு தலைமுறைப் பெட்டைகளுள் ஏறக்குறையப் பாதி பொன்னிறமாகும்.

உறவுக்குள்ளேயே கூட்டிக் கூட்டி முட்டை பொரிக்கும் திறன் குன்றிய மந்தைக்குப் புது இரத்தம் தேவைப்படலாம். வேறு வழியில்லாதபோது வர்ணக் கலப்பும் அனுமதிக்கத்தக்கதே. ஆயின் பெண் குஞ்சுகளைத் தெரிந்து, மீண்டும் மீண்டும் சுத்த வெள்ளைச் சேவலோடு கூட்டவேண்டும். முதல் தலைமுறையில் பாதியாகும் வெள்ளை இரத்தம் நான்காம் தலைமுறையிலேதான் பதினாறில் பதினைந்து பங்காகும். பிரம்மா மெதுவாய் வளர்வதால் இதற்குக் குறைந்தது நான்கு வருஷம் செல்லும். அவ்வளவு பொறுமையில்லாதவர் தொடங்காதிருத்தலே நலம்.

இதனினும் எளிய உபாயம் ஒன்றுண்டு. ஒரு தெருவில் மூவர் பிரம்மா வளர்ப்பின், ஒருவர் வெள்ளை, ஒருவர் கருமை, ஒருவர் சந்தனம் என்று பகிர்ந்துகொண்டு, தத்தம் தினுசில் மட்டும் சேவலும் பெட்டையும் வைக்கலாம். வேற்றுச் சேவலோடு இருந்த பெட்டையை மூன்று வாரம் தனித்து வைத்த பின்னரே அடைமுட்டை சேகரிக்கவேண்டும். குஞ்சுகளின் காலில் வளையமிட்டுத் தாய் தந்தையரைக் குறிப்பேட்டில் எழுதுதல் அவசியம்.

கலப்புக் குஞ்சைக் கலப்பென்று சொல்லி விற்பதில் இழிவில்லை. சொல்லாது விற்பின், வாங்கியவர் அடுத்த வருஷம் தம் மந்தை முழுவதும் கெட்டபின்னரே அதனை அறிவார். அவருடைய பொருளும் காலமும் வீணாகும். விற்றவர்மீது வைத்த நம்பிக்கையும் அன்றே போகும்.