கடைசிப் பக்கம் வரை உயிரோடு

காதல் கதையும் பேய்க்கதையும் படிக்கிற நம்மாட்களைப் பார்த்து இரண்டு பக்கத்திலிருந்தும் கேலி வருகிறது. தீவிர இலக்கியக்காரருக்கு அது குப்பை. இயக்கத் தோழருக்கு அது நச்சு இலக்கியம், போராட வேண்டியவர்களைத் தூங்க வைக்கிற சரக்கு. மற்ற எல்லா விஷயத்திலும் அடித்துக் கொள்கிற இந்த இரண்டு தரப்பும் இதில் மட்டும் கைகோத்துக் கொள்கின்றன. நம் இதழ் அந்தக் கூட்டணியில் சேரப் போவதில்லை. ஏன் என்று சொல்ல வேண்டிய கடமை இருக்கிறது.

ராணிமுத்து 1969ல் தொடங்கியது. பிறகு மாலைமதி, கண்மணி என்று வரிசையாக வந்தன. ரமணிசந்திரனின் காதல், இந்திரா சௌந்தர்ராஜனின் அமானுஷ்யம், ராஜேஷ்குமாரின் கொலை எல்லாம் பெட்டிக்கடையில் கிளிப் போட்டுத் தொங்கின. சேரியிலும் படித்தார்கள், ஊர்த்தெருவிலும் படித்தார்கள். அட்டை கிழிந்து, பழைய பேப்பர் கடைக்குப் போய், பாதி விலைக்குத் திரும்பி வந்து மறுபடியும் படிக்கப்பட்டன. மேல்சாதிக்காரர் ஒருவர் ரயிலில் உட்கார்ந்து பேய் நாவல் படித்தால் யாரும் அவரைத் தன் சமூகத்தை மறந்தவர் என்று சொல்வதில்லை. நம் வீட்டுப் பெண் படித்தால் மட்டும் ‘முன்னுக்கு வர வேண்டிய பொண்ணு, இதைப் போய்ப் படிக்குதே’ங்கிறோம். நமக்கு எழுத்து என்றால் ஒன்று பரீட்சைக்கு, இல்லாவிட்டால் போராட்டத்துக்கு. சும்மா சந்தோஷத்துக்குப் படிப்பது நமக்குக் கட்டுப்படியாகாத ஆடம்பரம் என்று நாமே நம்பிவிட்டோம். இந்த நம்பிக்கை எங்கேயிருந்து வந்தது?

1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்க சாதியினர் நம் மக்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 ஜூனில் அது பதினொன்றாக வளர்ந்தது. அப்போது மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தலைமை அதிகாரியாக இருந்த ஹட்டன், இந்தியாவில் சாதி பற்றி 1946ல் வெளியிட்ட புத்தகத்தில் இரண்டு பட்டியலையும் தந்திருக்கிறார். முழங்காலுக்குக் கீழே துணி இறங்கக் கூடாது. சட்டை கூடாது. கிராப்பு கூடாது. தங்க நகை கூடாது. செருப்பும் குடையும் கூடாது. பெண்கள் மாரை மறைக்கக் கூடாது, பூ வைக்கக் கூடாது. கல்யாணத்தில் மேளம் கூடாது. பிள்ளைகள் எழுதப் படிக்கக் கூடாது.

படிப்புக்கான தடையும் பூவுக்கான தடையும் ஒரே தாளில் இருப்பதைக் கவனிக்க வேண்டும். உழைப்பைச் சுரண்டுவது மட்டும்தான் நோக்கம் என்றால் பூவைத் தடுத்திருக்க வேண்டியதில்லை. நம் பெண்கள் ஒரு முழம் பூ வைத்துக் கொண்டால் மிராசுதாருக்கு ஒரு மரக்கால் நெல்லும் குறையப் போவதில்லை. நம் உடம்பு அழகாகத் தெரியக் கூடாது, நாம் சந்தோஷமாக இருப்பது அவர்கள் கண்ணில் படக் கூடாது என்பதுதான் அந்தத் தடையின் பொருள். இப்போது ஏதாவது ஒரு காதல் நாவலைப் பிரித்துப் பாருங்கள். பூ, புடவை, நகை, கல்யாண மேளம். பாட்டிக்குத் தடுக்கப்பட்டதையெல்லாம் பேத்தி பக்கத்துக்குப் பக்கம் படிக்கிறாள். அவள் ஆசையைக் கேலி செய்கிறவர்கள் அந்தப் பட்டியலை ஒரு முறை படித்துவிட்டு வரட்டும்.

அது பழைய கதை என்றும் தள்ளிவிட முடியாது. 2012 நவம்பரில் தருமபுரியில் நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி என்று மூன்று குடியிருப்புகள் எரிக்கப்பட்டன. ஒரு காதல் கல்யாணம்தான் காரணமாகச் சொல்லப்பட்டது. அந்தச் சமயத்தில் தலித் இளைஞர்கள் மீது வைத்த குற்றச்சாட்டு என்ன? ஜீன்ஸ் போடுகிறார்கள், டி-ஷர்ட் போடுகிறார்கள், கூலிங்கிளாஸ் போடுகிறார்கள், பெண்களை மயக்குகிறார்கள். அதற்கு ‘நாடகக் காதல்’ என்று பெயரும் வைத்தார்கள். 1930ல் சட்டை, 2012ல் ஜீன்ஸ். எண்பது வருஷத்தில் துணி மட்டும்தான் மாறியிருக்கிறது.

இதே மாதிரித் தடைகளைத் தாண்டி வந்த இன்னொரு மக்களை நமக்குத் தெரியும். 1972ல் பம்பாயில் தலித் பேந்தர்கள் தங்கள் பெயரையே அமெரிக்கக் கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்துதான் எடுத்தார்கள். அங்கே அடிமைமுறைக் காலத்தில் தெற்கு மாநிலங்கள் பலவற்றில் அடிமைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பது குற்றம். அடிமைகளின் கல்யாணத்தைச் சட்டம் கல்யாணமாகவே ஏற்கவில்லை. கறுப்பரும் வெள்ளையரும் மணப்பதைத் தடுத்த சட்டங்கள் 1967ல்தான் உச்ச நீதிமன்றத்தில் விழுந்தன. அந்த மக்களின் கவிதைகளையும் தன்வரலாறுகளையும் நாம் தேடித்தேடி மொழிபெயர்த்தோம். கோபத்தையும் துயரத்தையும் எடுத்துக்கொண்டோம். அவர்கள் காதல் நாவலும் ரத்தக் காட்டேரிக் கதையும் எழுதியது நம் சிறுபத்திரிகைகளில் பெரும்பாலும் பேசப்படவே இல்லை.

1980ல் எல்சி வாஷிங்டன் என்ற பத்திரிகையாளர், ரோசலிண்ட் வெல்ஸ் என்ற புனைபெயரில் ஒரு காதல் நாவல் எழுதினார். வெகுசனக் காதல் நாவல் வரிசையில் ஒரு கறுப்பினப் பெண் எழுதி, நாயகன் நாயகி இருவரும் கறுப்பர்களாக வந்த முதல் புத்தகம் என்று அதைச் சொல்கிறார்கள். அதை வெளிக்கொண்டு வந்த ஆசிரியர் விவியன் ஸ்டீபன்ஸும் கறுப்பினப் பெண்தான். 1994ல் பெவர்லி ஜென்கின்ஸ் வந்தார், நூலகராக வேலை பார்த்தவர். ‘நைட் சாங்’ என்ற அவருடைய முதல் நாவலில் கான்சாஸில் கறுப்பர்களே உருவாக்கிய ஒரு சிற்றூர். நாயகி பள்ளிக்கூட டீச்சர், நாயகன் குதிரைப்படை சார்ஜென்ட்.

1996ல் அவர் எழுதிய ‘இண்டிகோ’வைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கதை நடப்பது அடிமைமுறை ஒழிவதற்கு முன்னால், மிச்சிகனில். தப்பித்து வருகிற அடிமைகளை ஒளித்து வைத்து அனுப்புகிற ரகசிய ஏற்பாட்டில் ஹெஸ்டர் என்ற பெண்ணின் வீடும் ஒன்று. சின்ன வயதில் அடிமையாக அவுரித் தோட்டத்தில் சாய வேலை செய்ததால் அவள் கைகளில் ஊதாக் கறை. எத்தனை கழுவினாலும் போகாது. அடிபட்டு அந்த வீட்டுக்கு வந்து சேர்கிறவன்தான் நாயகன். அடிமைத்தனம் போட்ட முத்திரையோடு இருக்கிற அந்தக் கைகளோடு சேர்த்துத்தான் அவள் நேசிக்கப்படுகிறாள். தோல் ஷாப்பில் சுண்ணாம்பு அரித்த கைகள் நம்மிடம் உண்டு. சாயப்பட்டறையில் ஊறிய கைகள் உண்டு. அந்தக் கைகளை ஒருத்தன் ஆசையாகப் பிடித்துக்கொள்கிற காதல் நாவல் தமிழில் எத்தனை இருக்கிறது?

பேய்க்கதைக்கும் வருவோம். நகரத்துக்குள்ளேயே காட்டேரியும் மந்திரமும் நடமாடுகிற கதைகள் அங்கே தனி வகை. எல்.ஏ. பேங்க்ஸ் 2003ல் தொடங்கிய காட்டேரி வேட்டைக்காரி வரிசையில் நாயகி டமாலி ஒரு கறுப்பினக் கவிஞர், மேடையில் கவிதை சொல்கிறவள். ஆக்டேவியா பட்லரின் ‘பிளெட்ஜ்லிங்’ 2005ல் வந்தது. பட்லரின் அம்மா வீட்டு வேலை செய்தவர். வேலை செய்த வீடுகளில் கழித்துப்போட்ட புத்தகங்களை மகளுக்கு எடுத்து வருவார். அந்த மகள் எழுதிய கதையில் காட்டேரிகள் வெள்ளைத்தோல்காரர்கள், பகல் வெளிச்சம் பட்டால் தாங்க மாட்டார்கள். ஷோரி என்பவளுக்கு மட்டும் கறுப்புத் தோல். அந்தத் தோலால்தான் அவளால் வெயிலில் நடமாட முடிகிறது. அவள் ரத்தம் கலப்பு ரத்தம் என்று வெறுத்து அவளை அழிக்கப் பார்க்கிறது அவள் இனத்திலேயே ஒரு கூட்டம். தூய்மை பேசுகிறவர்கள் எப்படிக் கொலைகாரர்கள் ஆகிறார்கள் என்பதைக் கட்டுரையாக எழுதினால் எத்தனை பேர் படிப்பார்கள்? காட்டேரிக் கதை என்பதால் ராத்திரி கண்முழித்துப் படிக்கிறார்கள்.

அங்கேயும் யாரும் தாம்பூலம் வைத்து அழைக்கவில்லை. அமெரிக்கக் காதல் நாவலாசிரியர் சங்கத்தை 1980ல் தொடங்கியவர்களில் விவியன் ஸ்டீபன்ஸ் ஒருவர். ஆனால் சங்கத்தின் பெரிய விருது முதல்முறையாகக் கறுப்பின எழுத்தாளர்களுக்குக் கிடைத்தது 2019ல்தான். சந்தோஷமான கதைகளின் உலகத்துக்கும் காவல்காரன் இருந்திருக்கிறான்.

நம் ஊர் அலமாரிக்குத் திரும்பினால், நாயகன் மில் முதலாளி. நாயகி ‘நல்ல குடும்பத்துப் பெண்’, எலுமிச்சை நிறம். சாதி எங்கேயும் எழுதியிருக்காது. எழுதத் தேவையில்லை, பூஜையறையும் சமையலும் சொல்லிவிடும். நாம் வேலைக்காரம்மாவாக வருவோம், தோட்டக்காரராக வருவோம். அமானுஷ்யக் கதையில் கொஞ்சம் பெரிய வேஷம் கிடைக்கும். கறுத்த உடம்பு, சிவந்த கண், சுடுகாடு, மாந்திரீகம். பயமுறுத்துவதற்கு நம் உடம்பு, மந்திரம் சொல்லிக் காப்பாற்றுவதற்கு இன்னொருவர் உடம்பு. காதல் கதைகள் சிலவற்றில் அவன் அறைகிறான், அவள் அதை அன்பு என்று எடுத்துக்கொள்கிறாள். இதையெல்லாம் விமர்சிக்கத்தான் வேண்டும்.

ஆனால் புத்தகத்தை விமர்சிப்பது வேறு, படிக்கிறவளை முட்டாளாக்குவது வேறு. 1984ல் வெளியான தன் ஆய்வு நூலுக்காக ஜானிஸ் ராட்வே என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் காதல் நாவல் படிக்கிற பெண்களிடம் நேரடியாகப் போய்க் கேட்டார். கதையைவிட, படிக்கிற நேரத்தைப் பற்றித்தான் அவர்கள் அதிகம் பேசினார்கள். அந்த நேரம் தங்களுடையது, புருஷனும் பிள்ளைகளும் கை வைக்க முடியாதது என்றார்கள். வீட்டு வேலை, கூலி வேலை இரண்டும் பார்த்துவிட்டு ராத்திரி பத்து மணிக்குப் புத்தகத்தைத் திறக்கிற நம் அக்காவுக்கும் அது பொருந்தும்.

இன்னொன்று. காதலும் ஆவியும் கலந்த கதை வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. நம்மிடமே இருக்கிறது. ஆரியமாலையை நேசித்த காத்தவராயன் கழுவில் ஏற்றப்பட்டான். பொம்மியைக் கூட்டிக்கொண்டு வந்த மதுரைவீரன் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டான். கொன்ற ஊரே பிறகு பயந்துபோய்ப் படையல் போட்டுக் கும்பிட்டது. அந்தக் கதைகளுக்குள்ளும் கை வைத்துவிட்டார்கள். காத்தவராயன் சாபத்தால் பிறந்த சிவன் மகனாம். வீரன் காசிராஜன் மகனாம், சக்கிலியர் வீட்டில் வளர்ந்தவன் மட்டுமாம். 1956 சினிமாவிலும் அப்படித்தான். சேரியில் பிறந்தவன் சேரிக்காரனாகவே இருந்துகொண்டு காதலிக்கலாம் என்பதைக் கதையில்கூடச் சகித்துக்கொள்ள முடியவில்லை.

2003ல் விருத்தாசலம் பக்கம் புதுக்கூரைப்பேட்டையில் கண்ணகிக்கும் முருகேசனுக்கும் விஷம் ஊற்றினார்கள். 2016ல் உடுமலையில் பட்டப்பகலில் சங்கரை வெட்டினார்கள். அம்பேத்கர் 1936லேயே சாதி மறுப்புக் கல்யாணம்தான் சாதிக்கு மருந்து என்றார். அதைத் தடுக்கிற சாத்திரங்களின் புனிதத்தை உடைக்கச் சொன்னார். மருந்து என்று அவர் சொன்னதைச் செய்கிற பிள்ளைகளை இங்கே கொல்கிறார்கள். நாமும் அவர்களைப் பற்றி இரங்கல் கவிதைதான் எழுதுகிறோம். இந்த இதழிலும் நிறைய வந்திருக்கிறது, இனியும் வரும். அதோடு நின்றுவிட்டால், காதலித்தால் சாவுதான் என்று அவர்கள் அரிவாளால் சொல்வதை நாம் கவிதையால் வழிமொழிகிறோமோ என்ற கேள்வி இருக்கிறது. காதலித்து, கல்யாணம் பண்ணி, வாடகை வீட்டில் சண்டை போட்டு, பிள்ளைக்குப் பேர் வைத்து வாழ்கிற சாதி மறுப்புத் தம்பதிகள் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள். அவர்கள் கதை எங்கே?

ஆகவே அடுத்த இதழிலிருந்து காதல் கதைக்கும் பேய்க்கதைக்கும் பக்கம் ஒதுக்குகிறோம். தோழர்கள் எழுதி அனுப்ப வேண்டும். முதல்முறை எழுதுகிறவர்கள் தயங்க வேண்டாம். சில நிபந்தனைகள் உண்டு. நாயகன் கடைசியில் ராஜகுமாரனாக மாறக் கூடாது. தெருவின் பெயரை மறைக்கக் கூடாது. பெண்ணின் சம்மதம் இல்லாத காதல் வேண்டாம். பேய் வரலாம், ஆனால் யாரைப் பயமுறுத்த வேண்டுமோ அவர்களைப் பயமுறுத்தட்டும். கதையில் எத்தனை ஆபத்து வேண்டுமானாலும் வரட்டும். கடைசிப் பக்கத்தில் இரண்டு பேரும் உயிரோடு இருக்க வேண்டும்.